ரிகர்ஷன் கோடில் கிளை வரிசை தப்பினால்: அறிகுறி வாரியாகப் பிழை பிடிக்கும் வழி

தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனில் இஃப் கிளைகள் மூன்றோ நான்கோதான் இருக்கும். எது முன்னால் நிற்கிறது, எது பின்னால் நிற்கிறது என்பதில்தான் பெரும்பாலான கோளாறு ஒளிந்திருக்கிறது. கோடு படிக்க வசதியாக இல்லையென்று யாராவது கிளைகளை இடம் மாற்றுவார்கள். நேற்று வரை ஓடியது இன்று விழும்.

ஆகவே எந்தக் கிளையையும் நகர்த்துமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே சமயத்தில் உண்மையாகுமா? ஆகாது என்றால் வரிசை படிப்பவர் வசதிக்கு, தாராளமாக மாற்றலாம். ஆகும், ஆனால் இரண்டு கிளையும் ஒரே விடையைத்தான் தரும் என்றாலும் மாற்றலாம். ஆகும், விடையும் வேறு என்றால் மட்டும் தொடக் கூடாது. கீழே 'மோதல்' என்று சொல்வதெல்லாம் இந்தக் கடைசி வகையைத்தான். நிபந்தனையைக் கணக்கிடும்போதே விழக்கூடிய இடங்களில் மட்டும், விடை ஒன்றாக இருந்தாலும் வரிசை முக்கியம்; அது அறிகுறி 2-இல் வரும்.

மாதிரிக் கோடு எந்தக் குறிப்பிட்ட மொழியிலும் இல்லை. 'எனில்' என்பது இஃப், 'திருப்பு' என்பது ரிட்டர்ன். பைத்தான், ஜாவா, சி எதிலும் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

## அறிகுறி 1: ஸ்டாக் நிரம்பி புரோகிராம் விழுகிறது

ஸ்டாக் என்பது இன்னும் முடியாத அழைப்புகள் அடுக்கி வைக்கப்படும் நினைவகம். அது நிரம்பினால் வரும் பிழை, பைத்தான் என்றால் ரிகர்ஷன் எரர், ஜாவா என்றால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எரர், சி என்றால் பெரும்பாலும் வெறும் செக்மென்டேஷன் ஃபால்ட்.

முதலில் ஃபங்ஷனின் முதல் வரியில், எல்லா இஃபுக்கும் மேலே, ஆர்கியுமென்டுகளை (ஃபங்ஷனுக்குள் வரும் மதிப்புகளை) அச்சிடுங்கள். முதல் இருபது வரியைப் பார்த்தாலே போதும். மூன்றில் ஒன்று தெரியும்.

### அதே மதிப்பு திரும்பத் திரும்ப வருகிறது

எளிய காரணம், பேஸ் கேஸுக்கு (மறுபடி தன்னை அழைக்காமல் நேரே விடை தரும் கிளைக்கு) மேலே வேறொரு கிளை உட்கார்ந்துகொண்டு பேஸ் கேஸின் உள்ளீட்டையும் விழுங்கிவிடுவது. அடுக்கு கணக்கிடும் இந்த ஃபங்ஷன் நல்ல உதாரணம்:

```
ஃபங்ஷன் அடுக்கு(அடி, எண்)
    எண் இரட்டை எனில்:
        பாதி = அடுக்கு(அடி, எண் / 2)
        திருப்பு பாதி * பாதி
    எண் = 0 எனில்: திருப்பு 1
    திருப்பு அடி * அடுக்கு(அடி, எண் - 1)
```

0 ஓர் இரட்டை எண். அதில் பாதியும் 0. ஆக 'எண் = 0' என்ற வரிக்கு ஓட்டம் வரவே வராது. 10 கொடுத்தால் 10, 5, 4, 2, 1, 0, 0, 0 என்று அச்சாகும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் கடைசியில் 0-க்குத்தான் வர வேண்டும் என்பதால் எல்லா உள்ளீட்டுக்கும் விழும். அந்த வகையில் இது நல்ல பிழை, முதல் டெஸ்டிலேயே பிடிபடும். தீர்வு: 'எண் = 0' வரியை முதலில் வையுங்கள். பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதுங்கள்: "0-உம் இரட்டை, இந்த வரி கீழே போகக் கூடாது."

வரிசை சரியாக இருந்தும் இதே அச்சு வந்தால், அழைக்கும்போது உள்ளீடு சுருங்கவில்லை. பைனரி சர்ச்சில் (வரிசையான பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடுவதில்) வழக்கமான இடம்: நடு மதிப்பு தேடுவதைவிடச் சிறியது என்று தெரிந்த பிறகும் 'தேடு(நடு, மேல்)' என்று அழைப்பது. கீழ் 4, மேல் 5 என்றால் நடு 4. மறுபடி (4, 5). 'நடு + 1' என்று கொடுத்தால் தீர்ந்தது.

கட்டங்களில் நிறம் நிரப்பும் கோடில் இரண்டு கட்டங்கள் மாறி மாறி அச்சாகும். அக்கம்பக்கத்தை அழைத்த பிறகு நிறத்தை மாற்றினால், பக்கத்துக் கட்டம் திரும்ப நம்மையே அழைக்கும். மாற்றும் வரி நான்கு அழைப்புகளுக்கும் முன்னால் வர வேண்டும். அப்படி வைத்தும் விழுந்தால் பழைய நிறமும் புதிய நிறமும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் மாற்றியும் மாறாததுபோலத்தான். அந்தச் சோதனையை ரிகர்ஷனுக்குள் வைக்க வேண்டாம்; முதல் அழைப்புக்கு முன் ஒரு தடவை பார்த்தால் போதும்.

### மதிப்பு குறைந்து பேஸ் கேஸைத் தாண்டிப் போகிறது

3, 1, -1, -3 என்று ஓடுகிறது. பேஸ் கேஸ் 'எண் = 0' என்று கறாராக இருக்கிறது, எண்ணோ இரண்டிரண்டாகக் குறைகிறது. தாண்டக்கூடிய எல்லா மதிப்புக்கும் பேஸ் கேஸ் தேவை: இரண்டால் குறைத்தால் 0, 1 இரண்டுக்கும்.

பலர் உடனே 'எண் <= 0' என்று மாற்றிவிட்டுப் போவார்கள். புரோகிராம் நிற்கும், ஆனால் ஃபேக்டோரியல் கோடு என்றால் -3-க்கும் விடை 1 என்று கூசாமல் சொல்லும். அது விழுவதைவிட மோசம். எதிர்மறை உள்ளீடு செல்லாதது என்றால் வெளியே ஒரு சிறு ஃபங்ஷன் எழுதி, அங்கே ஒரு தடவை சோதித்துப் பிழை எழுப்புங்கள். உள்ளே இருப்பது ரிகர்ஷனை மட்டும் கவனிக்கட்டும். ஒவ்வொரு அழைப்பிலும் அதே சோதனை ஓடத் தேவையில்லை, படிப்பவர் கண்ணையும் அது மறிக்காது.

### ஒழுங்காகத்தான் குறைகிறது, பேஸ் கேஸ் எட்டுமுன் ஸ்டாக் தீர்ந்துவிடுகிறது

இதில் வரிசைப் பிழை எதுவும் இல்லை. ஆழம் நிஜமாகவே அதிகம். பைத்தானின் இயல்பு வரம்பு 1000. சி புரோகிராமின் முதன்மை ஸ்டாக் லினக்ஸில் வழக்கமாக 8 எம்பி, விண்டோஸில் 1 எம்பி. அதனால்தான் ஒரே கோடு ஒரு கணினியில் ஓடி, இன்னொன்றில் விழுகிறது.

பைத்தான் வரம்பை ஏற்றுவது முதலுதவி மட்டும். ரொம்ப ஏற்றினால் பிழைச் செய்திகூட வராமல் புராசஸே செத்துவிடலாம். ஒரே ஒரு அழைப்பு, அதுவும் கடைசி வரியில் என்றால் லூப்பாக மாற்றுங்கள். கடைசி வரியில் இருக்கிறதே, ஸ்டாக் வளராமல் கம்பைலர் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை பைத்தானிலும் ஜாவாவிலும் பலிக்காது. ஸ்கீம் மொழியின் அதிகாரபூர்வ வரையறையிலேயே அது உண்டு.

குயிக் சார்ட் போல இரண்டு அழைப்பு இருந்தால் வரிசைக்கே வேலை வருகிறது. பிரித்த பிறகு சிறிய பாகத்தை ரிகர்ஷனுக்கு விடுங்கள், பெரிய பாகத்தை அதே ஃபங்ஷனுக்குள் லூப்பாக ஓட்டுங்கள். 10 லட்சம் உறுப்புகள் இருந்தாலும் ஆழம் ஏறக்குறைய 20-ஐத் தாண்டாது. 'இடது முதலில், பிறகு வலது' என்று கண்ணுக்கு அழகாக எழுதி, முதல் உறுப்பையே பிவட்டாக (சிறியது, பெரியது என்று பிரிக்க ஒப்பிடும் உறுப்பாக) எடுத்தால், ஏற்கெனவே வரிசையாக இருக்கும் பட்டியலில் ஆழம் 10 லட்சத்தையே தொடும்.

எப்போது இன்னொருவரைக் கூப்பிடுவது: ஆழத்தைத் தீர்மானிப்பது வெளியிலிருந்து வரும் தரவு என்றால், உதாரணமாக யார் வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய ஜேசன் (உரையாக எழுதிய தரவு) என்றால், இது கிளை வரிசை விஷயமே அல்ல. அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக ஒரு லட்சம் போட்டு அனுப்பி சர்வரை விழத்தட்ட முடியும். பாதுகாப்பு பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

## அறிகுறி 2: நல் அல்லது இண்டெக்ஸ் பிழை, எப்போதும் ஓரத்தில்

ஸ்டாக் நிரம்பவில்லை, மரத்தின் இலையைத் தாண்டும்போதோ பட்டியல் காலியாகும்போதோ விழுகிறது. 'நல்' (null) என்றால் அங்கே எதுவும் இல்லை என்று பொருள். மரம் என்பது நோடுகளால் ஆனது: உச்சியில் இருப்பது ரூட், ஒவ்வொரு நோட்டுக்கும் இடது, வலது பிள்ளை இருக்கலாம், பிள்ளையே இல்லாதது இலை.

முதலில் பார்க்க வேண்டியது இஃபுகளை அல்ல, இஃபுகளுக்கு மேலே இருக்கும் வரிகளை. 'முதல் = பட்டியல்[0]' என்று வசதிக்காக ஒரு மாறியை ஃபங்ஷன் தலையில் எடுத்து வைத்திருப்பார்கள். கீழே 'பட்டியல் காலி எனில்' என்று காவல் இருக்கும். ஆனால் திருடன் ஏற்கெனவே உள்ளே. அந்த வரியைக் காவலுக்குக் கீழே இறக்குங்கள். பாதிக்கு மேல் இதோடு முடிந்துவிடும்.

அடுத்தது, ஒரே நிபந்தனைக்குள் இருக்கும் வரிசை. 'நோட்.மதிப்பு = தேடுவது மற்றும் நோட் காலி இல்லை' என்று எழுதினால் சோதனை தாமதமாக வருகிறது. இடமிருந்து வலமாகப் பார்த்து, விடை தெரிந்ததும் நிறுத்தும் மொழிகளில் 'காலி இல்லை' முதலில் வர வேண்டும். விபி டாட் நெட்டில் வெறும் 'ஆண்ட்' இரண்டு பக்கத்தையும் கணக்கிட்டே தீரும். அங்கே 'ஆண்ட்ஆல்ஸோ' போட வேண்டும், இல்லையென்றால் வரிசையை மாற்றியும் பலனில்லை.

மூன்றாவது, கட்டங்களின் எல்லை.

```
ஃபங்ஷன் நிரப்பு(வரி, பத்தி)
    கட்டம்[வரி][பத்தி] ≠ பழையநிறம் எனில்: திருப்பு
    (வரி, பத்தி) எல்லைக்கு வெளியே எனில்: திருப்பு
    ...
```

பைத்தானில் இது விசித்திரமாக நடந்துகொள்ளும். மேல் ஓரத்திலும் இடது ஓரத்திலும் பேசாமல் ஓடும். கீழ் ஓரத்திலும் வலது ஓரத்திலும் விழும். காரணம், -1 என்ற இண்டெக்ஸ் அங்கே பிழையல்ல. கடைசி வரியைக் குறிக்கும். டெஸ்டில் மேல் மூலையை மட்டும் நிரப்பிப் பார்த்தவர்களுக்குப் பிழை தெரியாது. எல்லைச் சோதனை முதலில் வரட்டும். அதில் '0-க்குக் கீழே' என்ற பாதியையும் மறக்காதீர்கள். அது விட்டுப்போனால் நிறம் மேலிருந்து சுற்றிவந்து கடைசி வரியில் கசியும், எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல்.

சோதனை: ஒரே கட்டம், ஒரே வரி, ஒரே பத்தி. இந்த மூன்று உள்ளீட்டையும் ஓட்டுங்கள். மரம் என்றால் காலி மரம், ஒற்றை நோட், இடது மட்டும், வலது மட்டும்.

## அறிகுறி 3: விழவில்லை, சில உள்ளீட்டுக்கு மட்டும் விடை தப்பு

இதில்தான் நேரம் அதிகம் போகும். பேஸ் கேஸுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதும் உள்ளீடு அரிதாக வருகிறது.

### இரண்டு பேஸ் கேஸ், ஒரே உள்ளீடு

ஒரு பட்டியலில் எத்தனை விதமாக எண்களைத் தேர்ந்தால் கூட்டுத்தொகை இலக்குக்குச் சமம் என்று எண்ணும் ஃபங்ஷன் ('முதல்' என்பது பட்டியலின் முதல் எண், 'மீதி' என்பது அது போக மிஞ்சிய பட்டியல்):

```
ஃபங்ஷன் எத்தனை(பட்டியல், இலக்கு)
    பட்டியல் காலி எனில்: திருப்பு 0
    இலக்கு = 0 எனில்: திருப்பு 1
    திருப்பு எத்தனை(மீதி, இலக்கு)
           + எத்தனை(மீதி, இலக்கு - முதல்)
```

3, 5, 7 என்ற பட்டியலில் இலக்கு 8 கொடுத்தால் 1 வரும், சரி. இலக்கு 12 கொடுத்தால் 0 வரும். 5-உம் 7-உம் சேர்ந்தால் 12 ஆயிற்றே. 15-க்கும் 0. கடைசி எண்ணைப் பயன்படுத்தும் எல்லாத் தேர்வும் காணாமல் போகிறது. 7-ஐ எடுத்தவுடன் பட்டியலும் காலி, இலக்கும் 0. இரண்டு பேஸ் கேஸும் ஒன்றாக உண்மையாகி, மேலே நிற்பது ஜெயிக்கிறது.

இரண்டு வரியையும் இடம் மாற்றினால் இந்தப் பட்டியலுக்குச் சரியாகிவிடும். பெரும்பாலானோர் இங்கேயே நிறுத்துவார்கள். இப்போது பட்டியலில் 0 இருந்தால் என்ன ஆகும்? 3, 5, 0 என்ற பட்டியலில் இலக்கு 8-க்கு விடை 2: 0-ஐச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. இடம் மாற்றிய கோடு இலக்கு 0 ஆனதும் கடையைக் கட்டிவிடும், விடை 1. எதிர்மறை எண் இருந்தாலும் இதே கதை: 8, 2, -2 என்ற பட்டியலில் இலக்கு 8-க்கு இரண்டு தேர்வு உண்டு, ஒன்றுதான் கிடைக்கும்.

மோதும் மூலையைத் தனியாக எழுதிவிடுவதே சரியான வழி:

```
    பட்டியல் காலி எனில்:
        இலக்கு = 0 எனில்: திருப்பு 1
        திருப்பு 0
```

இப்போது 'இலக்கு = 0' என்பது தனி பேஸ் கேஸ் அல்ல; பட்டியல் தீர்ந்த பிறகு கேட்கும் கேள்வி. எல்லா எண்ணும் 0-க்கு மேல் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் 'இலக்கு = 0 எனில் 1', 'இலக்கு < 0 எனில் 0' என்ற இரண்டையும் வேகத்துக்காக மேலே சேர்க்கலாம். சேர்த்தால் அந்த நிபந்தனையைக் குறிப்பாக எழுதி வையுங்கள். எதிர்மறை எண்கள் நுழைந்த அன்றைக்கு 'இலக்கு < 0' என்ற வரியும் பொய் சொல்லும்: 10, -2 என்ற பட்டியலில் இலக்கு 8-க்கு 0 என்று திருப்பும்.

சோதனை காகிதத்தில்தான். இரண்டு பேஸ் கேஸ் இருந்தால் நான்கு பெட்டி வரையுங்கள்: காலி / காலி இல்லை ஒரு பக்கம், இலக்கு 0 / 0 இல்லை மறுபக்கம். ஒவ்வொரு பெட்டியிலும் வர வேண்டிய விடையைக் கோடைப் பார்க்காமல் எழுதுங்கள். பிறகு கோடை நான்கு பெட்டிக்கும் ஓட்டிப் பாருங்கள். மூன்று நிபந்தனை என்றால் எட்டுப் பெட்டி. அதற்கு மேல் போனால் ஃபங்ஷன் இரண்டு வேலை செய்கிறது, பிரித்துவிடுங்கள்.

### நூறு டெஸ்ட் தேறும், ஒன்று மட்டும் தேறாது

ஆக்கர்மன் ஃபங்ஷன் சின்னது, ஆனால் இந்த வகைக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்:

```
ஃபங்ஷன் ஆக்(ம, ந)
    ம = 0 எனில்: திருப்பு ந + 1
    ந = 0 எனில்: திருப்பு ஆக்(ம - 1, 1)
    திருப்பு ஆக்(ம - 1, ஆக்(ம, ந - 1))
```

முதல் இரண்டு வரியை இடம் மாற்றுங்கள். ஆக்(2, 3) 9 என்று வரும், ஆக்(3, 3) 61 என்று வரும், எல்லாம் சரி. ஆக்(0, 0) மட்டும் ஓடி ஓடி ஸ்டாக்கை நிரப்பும், ஏனென்றால் ஆக்(-1, 1) என்று இறங்கிவிடுகிறது. மற்ற எந்த உள்ளீட்டில் தொடங்கினாலும் உள் அழைப்பு (0, 0)-க்கு வருவதே இல்லை. ம 0 ஆகும்போது ந குறைந்தபட்சம் 1 ஆக இருக்கும். அதனால் பெரிய பெரிய எண்களைக் கொடுத்து டெஸ்ட் செய்தால் பிழை அகப்படாது. எல்லா ஆர்கியுமென்டும் தத்தம் பேஸ் கேஸில் ஒன்றாக நிற்கும் உள்ளீடு, அதுதான் முதல் டெஸ்டாக இருக்க வேண்டும்.

### மரத்தில் இலை எது, வெற்றிடம் எது

ரூட்டிலிருந்து மிக அருகில் இருக்கும் இலை எத்தனை ஆழத்தில் என்று கேட்கும் கோடு:

```
    நோட் காலி எனில்: திருப்பு 0
    திருப்பு 1 + சிறியது(ஆழம்(இடது), ஆழம்(வலது))
```

ரூட்டுக்கு வலப்பக்கம் மட்டும் ஒரு பிள்ளை இருந்தால் விடை 2 வர வேண்டும்; 1 வருகிறது. இல்லாத இடது பக்கத்தை ஆழம் 0 உள்ள இலையாக எண்ணிக்கொள்கிறது. மிக அதிக ஆழம் கேட்கும் கோடில் இதே இரண்டு வரி ஒழுங்காக வேலை செய்யும், பெரியதை எடுக்கும்போது 0 தானாகத் தோற்றுவிடுவதால். அங்கிருந்து நகலெடுத்து 'பெரியது' என்பதைச் 'சிறியது' என்று மாற்றும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள். சேர்க்க வேண்டியது இரண்டு கிளை, காலிச் சோதனைக்குக் கீழே, கடைசி வரிக்கு மேலே:

```
    இடது காலி எனில்: திருப்பு 1 + ஆழம்(வலது)
    வலது காலி எனில்: திருப்பு 1 + ஆழம்(இடது)
```

இடது, வலது இரண்டும் காலி என்றால் இரண்டு கிளையும் 1 என்றே தரும். மோதல் இல்லை, எது முன்னால் இருந்தாலும் சரி.

ரூட்டிலிருந்து இலை வரையான கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும் கோடிலும் இதே பொறி. 'நோட் காலி, மீதம் 0 எனில் உண்மை' என்று எழுதியிருந்தால், ரூட் 5, இடது பிள்ளை 3 உள்ள மரத்தில் 5 என்ற தொகைக்கும் உண்மை என்று சொல்லும். 5 இலையே இல்லை. காலி என்றால் பொய் என்று முதலில் திருப்புங்கள். இலை என்றால் மீதத்தை நோட்டின் மதிப்போடு ஒப்பிட்டுத் திருப்புங்கள். அதற்குக் கீழேதான் ரிகர்ஷன்.

எப்போது இன்னொருவரைக் கூப்பிடுவது: பெட்டிகளில் விடை எழுத உட்கார்ந்தபோது ஒரு பெட்டிக்கு என்ன வர வேண்டும் என்றே தெரியவில்லையென்றால் கோடை மூடிவையுங்கள். தள்ளுபடி, வட்டி, அனுமதி போன்ற விதிகளில் இது சகஜம். அதைத் தீர்மானிக்க வேண்டியவர் இன்னொரு புரோகிராமர் அல்ல. அந்த விதிக்குப் பொறுப்பானவர்.

## அறிகுறி 4: விடை சரி, ஆனால் நகரவே மாட்டேன் என்கிறது

கேஷ் (முன்பே கண்டுபிடித்த விடைகளின் சேமிப்பு) பார்க்கும் வரி ரிகர்ஷன் அழைப்புக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். கணக்குப் போட்டு முடித்த பிறகு 'ஏற்கெனவே இருக்கிறதா' என்று கேட்பதில் என்ன லாபம்? 30-ஆவது ஃபிபனாச்சி எண்ணுக்குக் கேஷ் இல்லாமல் 26,92,537 அழைப்பு. அழைப்புக்கு மேலே கேஷைச் சோதித்தால் 59.

கேஷ் மேலேதான் இருக்கிறது, இருந்தும் மெதுவாக ஓடுகிறது என்றால் சோதிக்கும் விதம் தப்பு. 'கேஷ்[எண்] எனில்' என்று எழுதினால் சேமித்த மதிப்பு 0 அல்லது பொய் ஆக இருக்கும்போது இல்லை என்றே எடுத்துக்கொண்டு மறுபடி கணக்கிடும். அந்த எண் கேஷில் சாவியாக இருக்கிறதா என்று கேளுங்கள், மதிப்பை அல்ல.

வெட்டும் கிளை (பலனில்லாத வழியை அங்கேயே நிறுத்துவது) தாமதமாக வருவது அடுத்த காரணம், விலையும் அதிகம். எட்டு ராணிப் புதிரில் (சதுரங்கப் பலகையில் எட்டு ராணிகளை ஒன்றையொன்று தாக்காமல் வைப்பது) எட்டையும் வைத்து முடித்த பிறகு 'தாக்குகிறதா' என்று கேட்டால், வரிசைக்கு ஒரு ராணி என்ற கணக்கிலேயே 1,67,77,216 அமைப்புகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ராணியை வைக்குமுன் கேட்டால் வெற்றுப் பலகையையும் சேர்த்து 2,057 நிலைகள்தான்; 92 தீர்வும் கிடைத்துவிடும். வெட்டும் சோதனை ரிகர்ஷன் அழைப்புக்கு முன்னால், முடிந்தால் லூப்பின் முதல் வரியாக.

கடைசியாக, மலிவான நிபந்தனை முன்னால், செலவானது பின்னால். டேட்டாபேஸைக் கேட்கும் சோதனைக்கு முன் 'பெயர் காலியா' என்ற சோதனை வரட்டும். இரண்டும் மோதாதவை என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள். சோதனையே எதையாவது எழுதவோ எண்ணவோ செய்தால் தொட வேண்டாம்.

## அறிகுறி 5: மதிப்பே வரவில்லை

விடைக்குப் பதில் நன் (None) அல்லது அன்டிஃபைன்ட் (undefined) வருகிறது. ஏதோ ஒரு கிளையில் 'திருப்பு' விட்டுப்போயிருக்கிறது, பெரும்பாலும் ரிகர்ஷன் கிளையில்: 'தேடு(இடது)' என்று அழைத்துவிட்டு விடையைக் கைவிட்டிருப்பார்கள். அது இல்லையென்றால் சங்கிலியின் கடைசியில் 'இல்லையேல்' இல்லை. எந்தக் கிளையிலும் சேராத உள்ளீடு சத்தமில்லாமல் வெளியே விழுகிறது. கடைசிக் கிளையை நிபந்தனை இல்லாமல் எழுதுங்கள்; அங்கே யாருமே வரக் கூடாது என்றால் பிழை எழுப்புங்கள்.

## அறிகுறி 6: சரியாக ஓடுகிறது, ரிவ்யூவில் யாருக்கும் புரியவில்லை

இதுவும் கோளாறுதான். அடுத்த ஆள் கை வைக்கும்போது மேலே சொன்ன ஐந்தில் ஒன்றாக வெளிப்படும்.

### பேஸ் கேஸ் அடியில் கிடக்கிறது

வரிசைப்படுத்திய இரண்டு பட்டியலை இணைக்கும் கோடு:

```
ஃபங்ஷன் இணை(அ, ஆ)
    அ காலி இல்லை எனில்:
        ஆ காலி இல்லை எனில்:
            அ.முதல் <= ஆ.முதல் எனில்:
                திருப்பு அ.முதல் + இணை(அ.மீதி, ஆ)
            இல்லையேல்:
                திருப்பு ஆ.முதல் + இணை(அ, ஆ.மீதி)
        இல்லையேல்: திருப்பு அ
    இல்லையேல்: திருப்பு ஆ
```

கடைசி 'இல்லையேல்' எந்த இஃபுக்குச் சொந்தம் என்று விரல் வைத்து எண்ண வேண்டியிருக்கிறது. எதிர்மறை நிபந்தனையைத் திருப்பிப் போட்டு, சின்னக் கிளையை மேலே கொண்டுவந்தால்:

```
    அ காலி எனில்: திருப்பு ஆ
    ஆ காலி எனில்: திருப்பு அ
    அ.முதல் <= ஆ.முதல் எனில்:
        திருப்பு அ.முதல் + இணை(அ.மீதி, ஆ)
    திருப்பு ஆ.முதல் + இணை(அ, ஆ.மீதி)
```

மாற்றியது செல்லுமா? இரண்டும் காலி என்றால் முதல் கிளையும் காலிப் பட்டியல், இரண்டாவதும் காலிப் பட்டியல். மோதல் இல்லை. மூன்றாவதும் கடைசியும் அப்படியல்ல. 'ஆ' கிளையை மேலே கொண்டுவர ஆசைப்பட்டு 'ஆ.முதல் <= அ.முதல் எனில்' என்று எழுதினால் சமமான உறுப்புகளின் வரிசை புரண்டுவிடும். எண்களில் தெரியாது, பெயர் வாரியாக அடுக்கியதைத் துறை வாரியாக மறுபடி அடுக்கும்போது பெயர்கள் கலைந்து கிடக்கும். இடம் மாற்றினால் '<=' என்பது '<' ஆக வேண்டும்.

### அழைக்கும் முன்பே எட்டிப் பார்ப்பது

'இடது காலி இல்லை எனில் நட(இடது)', 'வலது காலி இல்லை எனில் நட(வலது)' என்று ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் காவல். ஒரே சோதனையை இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது. அப்படியும் ரூட்டே காலியாக வந்தால் விழும். இரண்டையும் எடுத்துவிட்டு ஃபங்ஷனின் முதல் வரியில் 'நோட் காலி எனில் திருப்பு' என்று ஒன்று போடுங்கள். விதிவிலக்கு, அறிகுறி 3-இல் பார்த்ததுபோலப் பிள்ளை இல்லாதது விடையையே மாற்றும் இடம். அங்கே அது காவல் அல்ல, கிளை.

### எல்லாமே ரிட்டர்னா, சங்கிலியா

காவலுக்கும் பேஸ் கேஸுக்கும் தனித்தனி இஃப், உடனே ரிட்டர்ன், 'இல்லையேல்' வேண்டாம். சமமான தகுதியுள்ள கிளைகளுக்கு, உதாரணமாகக் கூட்டல், கழித்தல், பெருக்கல் என்று கோவையைக் கணக்கிடும் கோடுக்கு, 'இல்லையேல்' சங்கிலியே நல்லது. இதில் ஒன்றுதான் ஓடும் என்று பார்த்தவுடன் தெரிகிறது. இரண்டையும் கலந்து கட்டும்போதுதான் கண் தடுக்குகிறது.

மேலிருந்து கீழாக இயல்பான அடுக்கு: பேஸ் கேஸ், வெட்டு, கேஷ், ரிகர்ஷன். ரிகர்ஷன் கிளைகளுக்குள் குட்டையானது முன்னால். நாற்பது வரி ஓடும் ஒரு கிளைக்குப் பிறகு 'இல்லையேல் திருப்பு 0' என்று வந்தால், எந்த நிபந்தனைக்கு மறுபக்கம் இது என்று படிப்பவர் திரும்ப மேலே ஏற வேண்டும். அந்த நாற்பது வரியைத் தனி ஃபங்ஷனாக எடுத்தால் வரிசையைப் பற்றிய வாதமே பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஹாஸ்கெல், ரஸ்ட் போன்ற மொழிகளில் கிளைகளைப் பேட்டர்னாக (உள்ளீட்டின் வடிவத்தோடு பொருத்திப் பார்க்கும் வகையில்) எழுதினால், மேலே உள்ள பேட்டர்ன் கீழே உள்ளதை முழுதாக மறைக்கும்போது கம்பைலர் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அணைக்காதீர்கள். பாதி மறைப்பை அது சொல்லாது. அதுவோ பெரும்பாலும் வேண்டுமென்றே எழுதுவது. விதிகளாகவே எழுதும் ப்ரோலாக் மொழியில் கதையே வேறு: பேஸ் கேஸ் முதல் விதியாக இருந்தும், ரிகர்ஷன் விதியின் உடலில் தன்னையே முதலில் அழைத்தால், அடுத்த விடை கேட்கும்போது முடிவில்லாமல் இறங்கும். அங்கே விதிகளின் வரிசையையும், விதிக்குள் இலக்குகளின் (விதி நிறைவேறச் சோதிக்க வேண்டியவற்றின்) வரிசையையும் தனித்தனியாகப் பாருங்கள்.

எப்போது இன்னொருவரைக் கூப்பிடுவது: இரண்டு ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைத்துக்கொண்டு, அவை வேறு வேறு ஆட்கள் பார்க்கும் மாட்யூல்களில் இருந்தால், ஒரு பக்கத்துக் கிளையை மட்டும் நகர்த்த வேண்டாம். பேஸ் கேஸ் எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை மற்றவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அதுவரை மோதும் உள்ளீட்டுக்கு ஒரு டெஸ்டை மட்டும் எழுதி, அது விழட்டும் என்று விட்டுவையுங்கள்.